காய்ச்சல் 99 டிகிரியா? மணி என்ன?

"பிள்ளைக்கு 99 டிகிரி காய்ச்சல்" என்கிறார்கள். உடனே மாத்திரை கொடுக்கிறார்கள்.

எப்போது பார்த்தீர்கள்? எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? இந்த இரண்டும் தெரியாமல் 99 என்று மட்டும் சொன்னால் பயன் இல்லை என்பது என் கருத்து.

உடம்பின் சூடு 98.6 என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிக் 1868-ம் ஆண்டு வெளியிட்ட நூலினால் பரவிய கணக்கு அது. அவர் அக்குளில் வைத்து அளந்தார். அவருடைய தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரு அடி நீளம்!

1992-ல் அமெரிக்காவில், நலமாக இருந்தவர்களின் வாயில் வைத்து அளந்தார்கள். சராசரி 98.2 தான் வந்தது.

ஒரே ஆளுக்கும் சூடு ஒரே மாதிரி இராது. விடியற்காலையில் குறையும். சாயங்காலம் ஏறும். சுமார் ஒரு டிகிரி வித்தியாசம் வரும். ஆகவே மாலை 4 மணிக்கு வாயில் 99 என்றால், அது காய்ச்சலே அல்ல!

களியக்காவிளையில்...

2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார்கள், நினைவு இருக்கிறதா? அது தோலின் சூட்டைத்தான் காட்டும். வெயிலில் நின்றவருக்குக் கூடும். வியர்வை வழிந்தவருக்குக் குறையும்.

வீட்டுக்கு நாக்கின் அடியில் வைக்கும் தெர்மாமீட்டரே நல்லது. கட்டன் சாயா குடித்த உடனே வைக்காதீர்கள். அரை மணி நேரம் பொறுங்கள். வாயை மூடி, சத்தம் வரும் வரை வைத்திருங்கள்.

சிறு பிள்ளைக்கு அக்குள்தான் வசதி. வியர்வையைத் துடைத்துவிட்டு, கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். அக்குளில் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும். சிலர் தாங்களே ஒன்றைக் கூட்டிச் சொல்கிறார்கள். வேண்டாம்! "அக்குளில் இவ்வளவு" என்று சொல்லுங்கள். கூட்டுவது டாக்டர் பாடு.

பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால், சிந்தியதைக் கையால் தொடாதீர்கள். பாதரசம் விஷம்.

காய்ச்சல் கண்டால், ஒரே தெர்மாமீட்டரால், ஒரே இடத்தில் வைத்து, காலையும் மாலையும் பாருங்கள். மணியோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பக்கத்து டாக்டரிடம் போனாலும் சரி, அந்தத் தாளைக் கொண்டு போங்கள். டெங்குவில், சூடு இறங்கும் நாளில்தான் ஆபத்து தொடங்குவது உண்டு. எந்த நாளில் இறங்கியது என்பதை அந்தத் தாள் சொல்லும்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 காட்டினால் தாளும் வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.