ஓ.கே. சார், எல்லாம் பாத்தாச்சு!

நம் நாட்டில் நம்பவே கூடாத வாக்கியங்கள் மூன்று. 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்', 'ஒண்ணாம் தேதி திருப்பித் தந்துடறேன்', 'ஓ.கே. சார், எல்லாம் பாத்தாச்சு!' முதலாவதில் நேரம் போகும். இரண்டாவதில் பணம் போகும். மூன்றாவதில் என்னென்ன போகும் என்பதை என் ஸ்கூட்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம். எங்கள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து காஞ்சிபுரம் டவுனுக்குப் போய் வருவதற்குள் இருபது 'கடக்'. சரி, கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே காட்டுவோம் என்று போனேன். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது!)

ஏ.சி. ரூம், மெஷின் காபி, டை கட்டின தம்பி. "வேற என்ன சார் ப்ராப்ளம்?" என்று டாக்டர் மாதிரி கனிவாகக் கேட்டார். கேட்ட கனிவில், இல்லாத ப்ராப்ளத்தையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. "ஜெனரல் சர்வீஸும் பண்ணிடுங்க, பிரேக்கையும் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

சாயங்காலம் வண்டி பெண் பார்க்கக் கிளம்பின மாப்பிள்ளை மாதிரி மின்னியது. பில் 2,300 ரூபாய். "ஓ.கே. சார், எல்லாம் பாத்தாச்சு! இங்க ஒரு சைன்." போட்டேன். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் 'வேலை திருப்தியாக முடிந்தது' என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். நான் பி.காம். வவுச்சரைப் பார்க்காமல் டிக் போடாதே என்பதுதான் ஆடிட்டிங்கில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்!

அன்றைக்குத் திரும்பி வரும்போதே முதல் ஸ்பீட் பிரேக்கரில் 'கடக்'.

மறுநாள் காலை அம்மா கூப்பிட்டாள். "டேய், கோலத்துல எவன்டா மை கொட்டினது?" மை இல்லை, இன்ஜின் ஆயில். தினமும் அதே இடத்தில் ஒரு சொட்டு. மூன்றாம் நாள் அம்மா அதையே நடுப்புள்ளியாக வைத்துக் கோலம் போட ஆரம்பித்துவிட்டாள். சூழ்நிலைக்குத் தகுந்தபடி மாறிக்கொள்வதில் அம்மாக்களை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாம் தடவை போனேன். "புது ஆயில் சார், செட் ஆயிடும்." மூன்றாம் தடவை போனேன். "டைட் பண்ணியாச்சு சார், எல்லாம் பாத்தாச்சு!" சொட்டு நின்றது. நான்காம் நாள் மறுபடி புள்ளி. கூடவே 'கடக்'. ஒரு வியாதியோடு போய், இரண்டு வியாதியோடு திரும்பியிருந்தேன்.

மூன்றாவது வியாதி இருந்தது எனக்கே தெரியாது.

அப்பாவுக்குக் கண் செக்கப். பின்னால் உட்காரவைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். ரங்கசாமி குளம் பக்கம், மாலை நேர நெரிசல். முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. வலது கை பிரேக்கைப் பிடித்தேன். லீவர் வழுக்கிக்கொண்டு ஹேண்டில் பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பிடிமானமே இல்லை!

காப்பாற்றியது இடது கை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடோ, ஏ.பி.எஸ்ஸோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். என் வண்டியில் இருந்தது முதல் வகை. இடது லீவரை அமுக்கினதில் வண்டி சறுக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் லேசாக இடித்துச் சாய்ந்தது. எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு. வேட்டியில் ரத்தம்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுவாரம் மருந்து வாங்கக் கிளம்பினபோது, "வாங்கப்பா, போலாம்" என்றேன். "நீ ஆபீஸ் போடா. நான் பஸ்ல போய்க்கறேன்" என்றார். அவ்வளவுதான். இரண்டே வார்த்தையில் என் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்.

வண்டியை எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவரிடம் ஏ.சி. கிடையாது, டை கிடையாது. கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "மரை கழண்டுடுச்சு சார்" என்றார்.

"யாருக்கு?" என்றேன், கொஞ்சம் பதற்றமாக.

"ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்கு சார்!"

விஷயம் இதுதான். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். போல்ட் இரும்பு. அளவுக்கு மேல் முறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். உள்மரை தேய்ந்து ஆயில் கசியும். ஆயில் மாற்றும்போது புது வாஷர் போட வேண்டும். போடாமல், ஒழுகுகிறதே என்று இன்னும் முறுக்கி, கடைசியில் எம்-சீலை அப்பி அனுப்பியிருக்கிறார்கள். முன் பிரேக்கைக் கழற்றி மாட்டினவர்கள் அட்ஜஸ்ட்மென்ட் நட்டைச் சரியாக இறுக்கவில்லை. அது ஒவ்வொரு குலுங்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்திருக்கிறது. அந்த 'கடக்'? மட்கார்டில் ஒரு ஸ்க்ரூ லூஸ். இரண்டு நிமிஷ வேலை. அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் மெக்கானிக்.

எங்கள் ஊர் வர்த்தமானர் கோயிலில் ஒரு சங்கீத மண்டபம் உண்டு. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டினது. அறுநூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. போன மாதம் போட்ட போல்ட் ஒரு வாரம் நிற்கவில்லை!

வக்கீல் நண்பன் ஒருத்தனிடம் போய்க் கொதித்தேன். "புது வண்டியே கேட்டு வாங்கிடலாமாடா?" சிரித்தான். 2006-ல் ஒரு மாருதி கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை எடுத்துச் சொன்னான். வாரன்ட்டிபடி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான் கம்பெனிக்குக் கடமை, அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்பு. 2010-ல் ஒரு ஃபியட் கார் வழக்கு. இன்ஜினை மாற்றியும் சத்தம் போகாத கார். நடுநிலையான தொழில்நுட்ப நிபுணர் பார்த்து, தயாரிப்பிலேயே கோளாறு என்று சொன்னால் பணம் வாபஸ் என்றது கோர்ட்.

"உன் கேஸ் அது இல்லை. வண்டி நல்ல வண்டி. வேலைதான் கெட்ட வேலை. இதுக்குப் பேர் சேவைக் குறைபாடு" என்றான். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊருக்கான மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915-க்கு போன் போட்டும் புகார் சொல்லலாம். "ஆனா பேப்பர் இருக்கா?" என்றான்.

மூன்று ஜாப் கார்டும் பில்லும் இருந்தன. மூன்றிலும் 'திருப்தி' என்று என் அழகான கையெழுத்தும் இருந்தது!

இருந்தாலும் விடவில்லை. தேதிவாரியாக ஒரு லெட்டர் எழுதினேன். எம்-சீல் போட்டோ, அப்பா முழங்கால் போட்டோ, டிஸ்பென்சரி சீட்டு, எல்லாம் இணைத்து, பதிவுத் தபாலில் ஒன்று, இ-மெயிலில் ஒன்று. பத்தாம் நாள் மேனேஜரே போன் செய்தார். மரை போன இடத்தில் புது மரை பதித்து, பிரேக்கை என் கண்ணெதிரே சரிசெய்து, சர்வீஸ் காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். அட்வைசர் தம்பி மறுபடி பேனாவை நீட்டினார். "முதல்ல நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காரறேன்" என்றேன். இரண்டு ரவுண்டு போய் வந்தபிறகுதான் கையெழுத்து.

அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்தவர். "பாவுல ஒரு இழை அறுந்தா அந்த இடத்துலயே தறியை நிறுத்தி முடிச்சு போடணும்டா. பரவாயில்லைன்னு மேல நெய்தா, சேலை முடியற வரைக்கும் கோடு விழும்" என்றார். சர்வீஸ் சென்டரைச் சொன்னாரா, மூன்று கையெழுத்து போட்ட என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மறுபடி கண் செக்கப். அப்பா வாசலுக்கு வந்தார். வண்டிக்கு முன்னால் நின்று வலது பிரேக்கை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். இடதையும் பார்த்தார். கீழே குனிந்து தரையைப் பார்த்தார். கோலம் சுத்தமாக இருந்தது.

"எடு, போலாம்" என்று பின்னால் உட்கார்ந்தார்.