முன்பணம் என்னும் அடைக்கலப் பொருள்

பணி ஓய்வில் கிடைத்த தொகையைக் கொண்டு சிறிய வீடொன்றை வாங்கியோ, இருக்கும் வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்பியோ வாடகைக்கு விட எண்ணும் அன்பர்கள் பலர். மாதந்தோறும் வரும் வாடகை முதுமையில் மருந்துக்கும் மளிகைக்கும் உற்ற துணையாகும். ஆயினும், முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுவோர் வாடகையைக் காட்டிலும் விழிப்புடன் கையாள வேண்டியது முன்பணத்தையே.

சாவியைக் கொடுக்கும் நாளிலேயே ஒரு பெருந்தொகை கைக்கு வருகிறது. அதைக் கொண்டு கட்டடக் கடனை அடைப்பவர் உண்டு. பேத்தியின் திருமணச் செலவைச் சரிக்கட்டுபவரும், காசி யாத்திரை சென்று வருபவரும் உண்டு. குடியிருப்பவர் காலி செய்யும்போது கையில் பணம் இராது. அடுத்து வருபவரிடம் வாங்கித் தரலாம் என்று காத்திருப்பர். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் மனத்தாங்கல் தொடங்கி வழக்கில் முடியும். முன்பணம் நம் வருமானமன்று; திருப்பித் தரும்வரை நம்மிடம் இருக்கும் அடைக்கலப் பொருள்.

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பினரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வேறுவிதமான உடன்பாடு இல்லையெனில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது அச்சட்டம். வீடு காலியாகி நம் கைக்கு வந்த ஒரு மாதத்திற்குள், நிலுவை இருந்தால் கழித்துக்கொண்டு, எஞ்சியதைத் திருப்பித் தரவேண்டும்.

ஆகவே, மாத வாடகை 12,000 ரூபாய் எனில் 36,000 ரூபாய் பெற்று, அதைத் தனி வைப்புத்தொகையாக வங்கியில் இடுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, உரிய வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். சுவர், குழாய், மின்விசிறி ஆகியவற்றின் நிலையையும் மின்கணக்கீட்டு எண்ணையும் குடிவருபவர் முன்னிலையில் குறித்து, இருவரும் கையொப்பமிடுங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள். வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள். பிற்பாடு எதைக் கழிப்பது என்ற பூசல் எழாது. வாடகை பாக்கி என்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடைசெய்கிறது. முறைப்படி வாடகை நீதிமன்றத்தை நாடுவதே வழி.

இன்னொன்றையும் மறவாதீர். வாங்கிய முன்பணம் எவ்வளவு, எந்த வங்கியில் உள்ளது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, இல்லாளிடமும் மக்களிடமும் சொல்லி வையுங்கள். வைப்புத்தொகைக்கு நியமனதாரரைக் குறிப்பிடுங்கள். நம் காலத்திற்குப் பின் குடியிருப்பவர் வந்து கேட்கும்போது, பிள்ளைகள் திகைத்து நிற்கலாகாது. வீட்டை விட்டுச் செல்லும் நாம், அதனோடு அறியாத கடனையும் அவர்களுக்கு விட்டுச் செல்ல வேண்டாம்.