கடலின் பச்சை

2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு, சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலச் சுடராக ஒளிவிட்டன. ஜனங்கள் கூட்டமாகச் சென்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில், மண்டபத்தை அடுத்த கடல் பச்சையாயிற்று. மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கில் தீவைச் சுற்றியிருந்த பவளங்கள் மடிந்தன. இரண்டிடத்திலும் காரணம் ஒன்றே: 'நாக்டிலூகா' என்னும் நுண்ணுயிர். அந்தப் பச்சை நிறமோ அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியைச் சேர்ந்தது.

இது எவ்வாறு மீனைக் கொல்கிறது? கோடி கோடியாகப் பெருகிய உயிர்கள் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. பவளம் ஓடித் தப்ப இயலாது. இருந்த இடத்திலேயே மூச்சு முட்டி இறக்கிறது.

இத்தகைய பெருக்கத்தை முன்கூட்டி அறிய வழியுண்டா? உண்டு. பாசிகள் அனைத்திலும் இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையம் இருக்கிறது. கடல் நீரை அளந்தெடுத்து மெல்லிய கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டுகிறார்கள். தாளில் தங்கியதை அசிட்டோன் என்னும் திராவகத்தில் ஊறவைத்து, இருட்டிலும் குளிரிலும் வைக்கிறார்கள். பச்சையம் அதில் கரைகிறது. அதன்மீது நீல ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிர்கிறது. அவ்வொளியின் அளவே பச்சையத்தின் அளவைச் சொல்லிவிடும். லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பது கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

ஆகாயத்திலிருந்தும் இதை அளக்கலாம். பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். ஆகையால் கடலிலிருந்து மேலெழும் ஒளியில் நீலம் குறைகிறது. நம் தேசம் 1999-ல் ஏவிய ஓஷன்சாட் இந்நிறபேதத்தைப் பார்த்தே கணக்கிட்டது. அவ்வரிசையில் மூன்றாவது 2022-ல் சென்றது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இவ்வகைப் படங்களைக் கொண்டு பாசிப் பெருக்கைப்பற்றி அறிவிக்கிறது.

நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு நின்றுவிடலாகாது. கரையோரத்தில் ஆறுகள் கொணரும் வண்டலும், மட்கிய இலைகளின் சாயமும் ஆகாயக் கண்ணை ஏமாற்றுகின்றன. அன்றியும், பச்சையம் எவ்வளவு என்று தெரியுமேயொழிய, அது நஞ்சுப் பாசியினுடையதா, மீனுக்கு இரையாகும் நல்ல பாசியினுடையதா என்று தெரியாது. சிலவகை நஞ்சுப் பாசிகள் நீரின் நிறம் மாறாதிருக்கும்போதே சிப்பிகளில் விஷமேற்றிவிடும். சமைத்தாலும் அவ்விஷம் போகாது. 1997-ல் கேரளத்து விழிஞத்தில் சிப்பி உண்டு 7 பேர் மாண்டதை மறப்பதற்கில்லை.

எனவே படகில் சென்று, ஒரு குப்பி நீர் மொண்டு, பூதக்கண்ணாடியில் பார்ப்பவர் வேண்டும். பெருக்கு வந்தபின் ஒருநாள் சென்றால் போதாது, வாரந்தோறும் செல்லவேண்டும். கடலின் நிறமாற்றத்தை முதலில் காண்பவர் மீனவரே. அவர் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும் ஒருவர் இருத்தல் அவசியம். அதற்காகும் செலவு, விண்கலத்துக்கு ஆன செலவின் முன் அற்பமே. அச்செலவைச் செய்யத் தயங்குவானேன் என்பதே நம் கேள்வி.