கன்டெய்னருக்கு ஏ, பி, சி... காலுக்கு ஒரு டிக்!

ராயபுரத்தில் எந்த பனியன் கம்பெனி முதலாளியிடம் வேண்டுமானாலும் மரைன் இன்சூரன்ஸ் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் வகுப்பே எடுப்பார். 'சி' போட்டால் கப்பல் மூழ்கினால் வரும், தீப்பிடித்தால் வரும்; திருட்டுக்கு வராது, மழையில் நனைந்த பெட்டிக்கு வராது. அதனால் 'ஏ' போடு என்பார். போருக்குத் தனி, வேலைநிறுத்தத்துக்குத் தனி என்று விரல் விட்டு எண்ணுவார்.

அதே முதலாளி பையரைப் பார்க்க ஜெர்மனி போகிறார். மகனும் கூட வருகிறான். அப்படியே ஆஸ்திரியாவில் இரண்டு நாள் ஸ்கீயிங். இன்சூரன்ஸ்?

"அதெல்லாம் டிராவல்ஸ்காரங்க விசாவோடயே போட்டுட்டாங்க!"

முடிந்தது கதை. அந்தப் பாலிசியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பெட்டியில் போகும் டீஷர்ட்டுக்கு இருக்கும் மரியாதை பெற்ற பிள்ளையின் முழங்காலுக்கு இல்லை என்றால் இதை என்னவென்று சொல்வது?

விசாவுக்காக எடுப்பது விசாவுக்காகத்தான். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஸ்கீயிங் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பல பயண பாலிசிகளில் 'சாகச விளையாட்டு' விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது கூடுதல் பணம் கட்டினால்தான் சேரும். சேர்த்தாலும் குறியிட்ட தடத்துக்குள் மட்டும் என்பார்கள். தடத்தைத் தாண்டிக் காட்டுப்பக்கம் இறங்கினால் கிடையாது. குடித்திருந்தால் கிடையாது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி வந்த செலவுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். இந்த நாலு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம்!

இன்னொன்று, நம் ஊரில் யாரும் யோசிக்காதது. தான் விழுவது இருக்கட்டும், அடுத்தவர் மேல் போய் மோதினால்? பனிச்சறுக்கு விதிப்படி முன்னால் போகிறவருக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருபவரின் பொறுப்பு. இத்தாலியில் 2022 ஜனவரி முதல் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது என்று சட்டம். பைக்குக்கு தர்ட் பார்ட்டி கட்டுவது போலத்தான். ஆனால் பைக்குக்குக் கட்டும்போதும் நாம் போலீசுக்குப் பயந்துதானே கட்டுகிறோம்...

ஐரோப்பா வேண்டாம், குல்மார்க் போகிறவர்கள் கதை வேறு. அங்கே பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதில்லை, தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவ பாலிசிகளின் விலக்குகளுக்கு ஒரே மாதிரி வாசகம் கொண்டுவந்தது. அதன்படி சாகச விளையாட்டுக்கான விலக்கு அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான். விடுமுறைக்குப் போய் ஸ்கீயிங்கில் காலை உடைத்துக்கொண்டவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அந்த வாசகத்தைக் காட்டி வீட்டு மெடிக்ளெய்மை மறுக்க முடியாது. (மாவுக்கட்டு போட்டு அன்றே அனுப்பிவிட்டால் பெரும்பாலும் வராது, அது வேறு சங்கதி.) ஏற்கெனவே கையில் இருப்பதையே இன்னொரு முறை எதற்கு வாங்க வேண்டும்? வாங்க வேண்டியது அதில் இல்லாததை: விபத்துக் காப்பீடு, மீட்புச் செலவு. விபத்து பாலிசிக்கு மேலே சொன்ன வாசகம் பொருந்தாது, அதன் விலக்குகளைத் தனியாகப் படிக்க வேண்டும்.

மீட்புச் செலவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அஃபர்வத் மலையில் பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். எல்லாரும் ஸ்கீயிங் தெரிந்தவர்கள். முதல் நாள் பூட்ஸ் மாட்டவே ஆள் தேடுகிற நம் ஆட்கள் கொண்டோலாவில் இரண்டாம் கட்டம் வரை ஏறி செல்பி எடுக்கிறார்கள்.

இனி சாமான். சொந்த ஸ்கீ, பைண்டிங், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தால் எளிதாக அரை லட்சத்தைத் தாண்டும். உள்நாட்டு விமானத்தில் பெட்டி தொலைந்தால் விமானக் கம்பெனியின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சுமார் 2,000 டாலர். மிச்சத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பாலிசியில் 'ஒரு பொருளுக்கு இவ்வளவுதான்' என்று ஒரு வரி இருக்கும். ஜோடி ஸ்கீ அவர்கள் கணக்கில் ஒரே பொருள்! பழசாகிவிட்டது என்று தேய்மானம் வேறு கழிப்பார்கள். சறுக்கும்போது உடைந்தால் பல பாலிசிகளில் கிடையவே கிடையாது. பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி அதன் நகலை வாங்கவேண்டும். ஓட்டலுக்குப் போய் போன் செய்துகொள்ளலாம் என்று கிளம்பினால் கிளெய்ம் சிக்கல்தான். வருடத்தில் மூன்று நாள் சறுக்குகிறவருக்கு இந்தத் தலைவலி எதற்கு? குல்மார்க்கில் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கிறது. பூட்ஸ் மட்டும் காலுக்குப் பொருந்துவதாகச் சொந்தமாக இருந்தால் போதும்.

"எல்லாம் கவர் ஆகுங்ண்ணா" என்று வாயால் சொல்லி விற்கும் ஏஜென்டுகளைத் திட்டித் தீர்க்கலாம்தான். ஆனால் பையர் வாயால் சொன்னதை நம்பி எந்த முதலாளியாவது ஆயிரம் டஜன் துணியைக் கட்டிங்குக்கு அனுப்புவாரா? ஆர்டர் மெயிலில் வரவேண்டும் என்பார். அதையே இங்கேயும் கேட்கலாமே: ஸ்கீயிங் உண்டா, எந்தத் தடம் வரை, ஹெலிகாப்டருக்கு எவ்வளவு, ஸ்கீ ஜோடிக்கு எவ்வளவு? பதில் மெயிலில் வரட்டும்.

கம்பெனி கிளெய்மை மறுத்தால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிவிட்டு, 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2023 முதல் 50 லட்ச ரூபாய் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அங்கேயும் முதலில் கேட்கப்போவது பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான்.