சாய்ந்த சுவரும் பூட்டிய கதவும்



தீ விபத்தொன்றில் உயிர்கள் பறிபோனால் நம் சமுதாயத்தில் முதலில் ஒலிக்கும் சொல், "அல்லாஹ்வின் நாட்டம்" என்பதாகும். பிள்ளையை இழந்த தாய் அதைச் சொல்லும்போது அது ஈமானின் உறுதி. அதே சொல்லைக் கட்டடத்தின் உரிமையாளர் சொல்லும்போது, அது பெரும்பாலும் பொறுப்பிலிருந்து நழுவும் தந்திரமாகிவிடுகிறது. கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யாதவன் தன் குற்றத்தை மறைக்க விரிக்கும் போர்வையாக அதை மார்க்கம் ஒருபோதும் ஆக்கித் தரவில்லை. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்த உமர் (ரலி) அவர்கள், தம்முடன் வந்தோரை அழைத்துக்கொண்டு திரும்பிச் சென்றதை நாம் அறிவோம். உறங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும் அறிவோம்.

நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் "சாய்ந்த சுவர்" பற்றித் தனியாகவே ஒரு பாடம் உண்டு. நேராகக் கட்டப்பட்ட சுவர் ஒன்று காலப்போக்கில் பொதுவழியின் பக்கம் சாய்கிறது. வழிப்போக்கர் ஒருவர் உரிமையாளரிடம், "இதை இடித்துவிடுங்கள்" என்று எச்சரிக்கிறார். இடிப்பதற்குப் போதிய அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. சுவர் விழுந்து ஒருவர் இறக்கிறார். அந்த உயிருக்கு ஈடாகத் தியத் கடமையாகிறது. சேதமடைந்த பொருளுக்கும் உரிமையாளரே ஈடு செலுத்த வேண்டும். தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கைகூடத் தேவையில்லை, கட்டியதே குற்றம்.

இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பொதுவழி என்பதால், அவ்வழியே நடக்கும் எவருக்கும் எச்சரிக்கும் உரிமை உண்டு. ஆண், பெண், முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற வேறுபாடு இல்லை. அடுத்து, அந்த எச்சரிக்கை இடிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்லப்பட வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவரிடம் சொன்னால் அது செல்லாது. ஆக, அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பொறுப்பும் இருக்கிறது. நூற்றாண்டுகளுக்கு முன் நம் இமாம்கள் வகுத்த இந்த அளவுகோலை இன்றைய நிகழ்வுகளின்மீது வைத்துப் பார்ப்போம்.

2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் தோல் வேலைக்குச் செல்வோர் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். சாய்ந்த சுவர் நமக்கு வெறும் கிதாபுப் பாடம் அன்று.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர்; ஓடித் தப்ப வழியில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களைக் கொன்றது நெருப்பு மட்டுமா? கட்டிய கையும், கண்டும் வாய் திறவாத ஊரும், சோதிக்க வராத அதிகாரமும் அதில் பங்கு கொண்டவையே. 2007இல் உரிமையாளரும் அவர் குடும்பத்தார் மூவரும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். நம் பெயரும் நம் நம்பிக்கையும் சூழ்ந்த இடத்தில் நடந்தது இது. பிறர் குறையென்று நாம் விலகி நிற்க முடியாது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, மாடியிலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டு சென்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது; 11 பேரை விடுவித்தது. நிறுவனருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2017இல் உயர் நீதிமன்றம் அதுவரை அனுபவித்த சிறைக்காலமாகக் குறைத்தது. தண்டனை பெற்றோரில் பலரை விடுவித்தது. நீதி தாமதமாக வந்ததும் வந்தபின் சுருங்கியதும் பெற்றோரின் நெஞ்சில் மற்றொரு தீயாக எரிகின்றன.

நாட்டின் சட்டமும் போதாததாகவே இருந்தது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தோர்க்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு விதித்த உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு அதை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியுள்ளது. ஆயினும் ஆபத்தை அறிந்தே விட்டிருந்தார் என்று நிறுவினால்தான் அதைவிடக் கடுமையான பிரிவு பொருந்தும். அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று எது? எழுத்தில் கொடுக்கப்பட்ட எச்சரிக்கையே. நம் ஃபிக்ஹு கேட்பதும் அதையே.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். விடுதியுடன் கூடிய மதரஸாக்கள் சிலவற்றில், மாணவர் ஓடிவிடக் கூடாது என்று இரவில் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. படிக்கட்டின் அடியில் சிலிண்டர்கள். மாடியில் ஐம்பது பிள்ளைகள். இறங்க ஒரே படி. ஷாதி மஹால்களில் வலீமா நாளன்று அவசர வழியை மறைத்து நாற்காலிகள் அடுக்கப்படுகின்றன. ஏர்வாடியின் சங்கிலிக்கும் இந்தப் பூட்டுக்கும் நோக்கத்தில் வேறுபாடு இருக்கலாம். தீ அந்த வேறுபாட்டை அறியாது. பெற்றோர் நம்மிடம் ஒப்படைத்த பிள்ளைகள் அமானிதம். அந்த அமானிதத்தைப் பூட்டி வைப்பது காப்பதாகாது.

"நிதி இல்லை" என்று முதவல்லிமார் சிலர் கூறுவர். சாவியை உள்ளேயே தொங்கவிடப் பணம் தேவையில்லை. சிலிண்டரை வெளியே வைக்க ஒரு கூண்டு போதும். மினாரா உயர்த்த நன்கொடை தரும் ஊர், இரண்டாவது படிக்கட்டுக்குத் தர மறுக்காது. நாம் கேட்பதில்லை என்பதே உண்மை.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று காரியங்கள் நடக்கட்டும். ஜமாஅத்தின் பொறுப்பிலுள்ள பள்ளிவாசல், மதரஸா, மஹால் அனைத்தையும் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து ஆண்டுக்கொருமுறை பார்வையிடச் செய்வோம். 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி பெற வேண்டிய உரிமம் இருக்கிறதா என்று பார்ப்போம். ஆபத்தைக் காணும் எவரும், அவர் வாட்ச்மேனாயினும் மாணவரின் தாயாயினும், நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கட்டும். நிர்வாகம் அதை வாங்கிக் கையெழுத்திடட்டும். எச்சரிப்பவரை ஃபித்னாக்காரர் என்று ஏசுவோர், சாய்ந்த சுவரின் பாடத்தை மீண்டும் ஓதுவது நலம்.

நம்மவர் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தால், சமுதாயத்தின் பெயரால் அவரைத் தாங்கிப் பிடிக்கவும் வேண்டாம். இறந்தவரின் வாரிசுகளும் சமுதாயமே.

யா அல்லாஹ்! அதிகாரம் பெற்றோர்க்குப் பொறுப்புணர்வையும், கண்டோர்க்குச் சொல்லும் துணிவையும் தந்தருள்வாயாக. ஆமீன்.