"திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்" - யாருக்குத் தெரியும் அந்த எண்?



புயல் கரையைக் கடக்கப் போகிற ராத்திரி. கரண்ட் இன்னும் போகலை. டிவி ஓடிக்கிட்டு இருக்கு. செய்தி வாசிப்பவர் சொல்கிறார்: "உதவி தேவைப்படுவோர் திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்."

அந்த வீட்டில் பார்வையில்லாத ஒருவர் தனியாக இருக்கிறார்னு வைச்சுக்கோங்க. எந்த எண்? அவருக்கு யார் படிச்சுச் சொல்வது?

அதே நேரம், அடுத்த தெருவில் காது கேளாத ஒரு தம்பதி அதே சேனலைப் பார்க்கிறார்கள். வாசிப்பவரின் உதடு அசைகிறது. பின்னால் கடல் அலை காட்டுகிறார்கள். கீழே ஓடும் வரியில் யாரோ ஒரு தலைவரின் பேட்டி. எந்தெந்தப் பகுதி மக்கள் வெளியேறணும், எத்தனை மணிக்குள், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் - எல்லாமே சத்தத்தில் மட்டும்.

எண்ணை எழுத்தில் மட்டும் கொடுத்தார்கள், எச்சரிக்கையைப் பேச்சில் மட்டும் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எது உயிரைக் காப்பாற்றுமோ, அதுதான் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேரலை.

2015 வெள்ளம், 2018 கஜா, 2023 மிக்ஜாம். டிவிச் செய்தியை நம்பி நாம் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எத்தனை! அப்போது இவர்களை நினைத்துப் பார்த்தோமா? நேர்மையாகச் சொன்னால், நம்மில் பெரும்பாலானோர் நினைக்கவில்லை.

ஒரு சின்ன வேலை செய்யுங்க. இன்னைக்கு ராத்திரி பத்து நிமிஷம் டிவி சத்தத்தை முழுசா நிறுத்திட்டுச் செய்தி பாருங்க. அப்புறம் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு சீரியலைக் கேளுங்க. கதவு திறக்கிற சத்தம் வரும். பின்னணி இசை மூணு தடவை அதிரும். வந்தது யாரு? யார் முகத்தைக் காட்டுறாங்க? கையில் என்ன இருக்கு? ஒண்ணும் புரியாது. இருபது நிமிஷத்தில் நமக்கு எரிச்சல் வந்துடும். அவர்களுக்கோ வாழ்நாள் முழுக்க இதுதான் டிவி.

இது எத்தனை பேரின் பிரச்சினை?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அதில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் சுமார் 50 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். வயதாகிக் காது மந்தமானதால் டிவி சத்தத்தை ஏத்தி ஏத்தி வைக்கும் நம்ம வீட்டுத் தாத்தா பாட்டிகளில் பலர் இந்தக் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள்.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பிரிவு 42 தெளிவாகச் சொல்கிறது: மின்னணு ஊடகங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த வழி செய்யணும், அதற்கு ஒலிவழி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, திரை எழுத்து மூன்றும் வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் வரை.

2019-இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை டிவி நிகழ்ச்சிகளுக்கான தரநிலைகளை வெளியிட்டது. செய்திச் சேனல்கள் தினம் ஒரு செய்தி அறிக்கையையாவது சைகை மொழியோடு தரணும். மற்ற சேனல்கள் வாரம் ஒரு நிகழ்ச்சியையாவது காது கேளாதோருக்கு ஏற்ற வடிவில் தரணும். நாளுக்கு 24 மணி நேரம் ஓடும் சேனலில் ஒரே ஒரு அறிக்கை! அதிலும் நேரலைச் செய்தி, விவாதம், நேரலை விளையாட்டு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் விலக்கு. அந்தத் தரநிலைகள் காது கேளாதோருக்கு மட்டுமே. பார்வையற்றோருக்கான ஒலிவழி விவரிப்பு அதில் இல்லை.

நம்ம ஊர்ச் செய்திச் சேனல்களில் பிரைம் டைம் என்றாலே விவாதம்தானே? அதுக்கே விலக்கு என்றால், காது கேளாத ஒரு வாக்காளர் நம் கட்சி சொல்வதையும் கேட்க முடியாது, எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்க முடியாது. அவர் விரலில் மை வைப்போம். ஆனால் வாதத்தை மட்டும் காட்ட மாட்டோம். இது என்ன ஜனநாயகம்?

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்கணும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில், திரையில் மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாகக் காட்டுவதைக் கண்டித்து நெறிமுறைகளையும் வகுத்தது. திக்கிப் பேசுவதையும் கால் இழுத்து நடப்பதையும் இன்னும் காமெடியாக விற்கும் நிகழ்ச்சிகள் அதைக் கொஞ்சம் படித்துப் பார்க்கட்டும்.

"செலவாகுமே" என்பவர்களுக்கு

சில வேலைகளுக்கு ஒரு பைசா செலவில்லை. "திரையில் தெரியும் எண்" என்று சொல்வதற்குப் பதில் அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். வாசிப்பவர் சொல்லும் எச்சரிக்கையை அப்படியே திரையிலும் எழுத்தாகப் போடுங்கள்.

செய்தி வாசிப்பவர் எதைப் பார்த்து வாசிக்கிறார்? டெலிபிராம்ப்டரில் ஓடும் எழுத்தைத்தானே? அந்த எழுத்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. சீரியலுக்கும் வசனம் எழுதித்தான் எடுக்கிறார்கள். எழுத்து இல்லை என்று சொல்ல முடியாது, அதைக் காட்ட மனசு இல்லை என்பதுதான் உண்மை.

சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் செலவு உண்டு. ஒலிவழி விவரிப்புக்கும் உண்டு. மறுக்கவில்லை. பிரிட்டனில் 2003 தகவல் தொடர்புச் சட்டத்தின் கீழ் இதைப் படிப்படியாகத்தான் செய்தார்கள். பெரிய சேனல்கள் பத்தாண்டுகளில் 80 சதவீத நிகழ்ச்சிகளுக்குத் திரை எழுத்து, 10 சதவீதத்துக்கு ஒலிவழி விவரிப்பு, 5 சதவீதத்துக்குச் சைகை மொழி தரணும்னு இலக்கு வைத்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் திரையில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் தெரியணும் என்பதும் அங்கே நெறிமுறை. இங்கே? மூலையில் தபால்தலை அளவு ஒரு பெட்டி, அதன் மேல் ஓடும் பிளாஷ் நியூஸ். சைகை மொழி விரலில் மட்டும் இல்லை, முகத்திலும் இருக்கிறது. முகமே தெரியாத பெட்டியால் யாருக்குப் பயன்?

நாம் கேட்பது இதுதான்:

1. பேரிடர் எச்சரிக்கைகளுக்கு எந்த விலக்கும் கூடாது. பேச்சு, எழுத்து, சைகை மூன்றும் ஒரே நேரத்தில் வரணும்.

2. விவாதத்துக்கும் நேரலைச் செய்திக்கும் தந்திருக்கும் விலக்கை ஒன்றிய அரசு கால வரம்பு வைத்து நீக்கணும். ஒலிவழி விவரிப்புக்கும் ஆண்டுவாரியாக இலக்கு வைக்கணும்.

3. எந்தச் சேனல் எவ்வளவு செய்தது என்று ஆண்டுதோறும் பொதுவில் அறிக்கை வரணும்.

4. மாநில அரசின் பேரிடர்ச் செய்தியாளர் சந்திப்பு, சட்டமன்ற ஒளிபரப்பு, கல்வித் தொலைக்காட்சியின் ஒவ்வொரு பாடம் - எல்லாவற்றிலும் சைகை மொழியும் தமிழ் எழுத்தும் வேண்டும்.

5. இதைத் தீர்மானிக்கும் குழுக்களில் மாற்றுத்திறனாளிகள் உட்காரணும். டிசம்பர் 3 அன்று மட்டும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு மாலை போடுவது போதாது. பட்ஜெட்டைப் பற்றியும் அவர்களிடம் கருத்து கேளுங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி

ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் கண்ணாடியையும் பார்க்கணும், தோழர்களே. இந்தப் பக்கத்தில் நாம் போட்ட எத்தனை மேடைப் பேச்சுகளுக்குத் தமிழ் எழுத்து இருந்தது? எத்தனை போஸ்டர்களுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதினோம்? குறைவு. மிகக் குறைவு. அது நம் தவறு.

இனி இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்து இல்லாமல் காணொளி வராது. படத்துக்கு விளக்கம் இல்லாமல் போஸ்டர் வராது. மறந்தால் கமெண்டில் திட்டுங்க, திருத்திக்கிறோம். மாவட்ட ஐடி அணித் தோழர்களும் இதையே செய்யணும். ஒரு காணொளிக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

நீங்களும் ஒன்று செய்யுங்க. நீங்க தினம் பார்க்கும் சேனலின் பக்கத்துக்குப் போய் ஒரே ஒரு வரி எழுதுங்க: "உதவி எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், எச்சரிக்கையை எழுத்திலும் போடுங்கள்." அடுத்த மழைக்காலத்துக்குள் இந்த ஒன்றாவது மாறினால்கூட, எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் நேரத்துக்கு முகாமுக்குப் போய்ச் சேர்வார்.

இதில் யாரும் யாருக்கும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. அவர்களும் நம்மைப் போலவே கேபிளுக்குக் காசு கட்டுகிறார்கள், வரி கட்டுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறோம்.

பகிருங்கள். பகிரும்போது படத்துக்கு விளக்கம் சேர்க்க மறக்காதீங்க.

#எல்லோருக்குமான_தொலைக்காட்சி
#சலுகை_அல்ல_உரிமை