பாறைக்குச் சான்று தருவது யார்?

தென் பிரான்சில் ஃபிரேஜுஸ் நகருக்கு மேலே நின்ற மால்பாசே அணை, அடியிலேயே ஏழு மீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட மெல்லிய வில்லணை. 1959 டிசம்பர் 2 இரவு அது உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கான்கிரீட் தாங்கியது, நழுவியது இடதுகரைப் பாறை. ஒரு பக்கம் நைஸ் பாறையின் அடுக்கு, மறுபக்கம் எவர் கண்ணிலும் படாத பிளவு. இடையே ஆப்பு போல் மாட்டிக்கொண்ட பாறையை, விரிசல்களில் புகுந்த தண்ணீர் பெயர்த்துவிட்டது. கட்டுமுன் நடந்த நிலவியல் ஆய்வோ அரைகுறை.

பாறையை அளக்க இன்று வழிகள் உண்டு. துளையிட்டு எடுத்த உருளை மாதிரியின் நீளத்தில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது ஆர்.க்யூ.டி. துளைக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்தி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பது லூஜியான் சோதனை. இரண்டும் தேவை, ஆனால் போதாது. ஆர்.க்யூ.டி. 90 காட்டும் பாறையிலும், களிமண் பூசி ஆற்றுப் பக்கம் சரிந்த ஒரே விரிசல் அணையைச் சாய்க்கப் போதும். அந்த எண்ணுக்கு விரிசலின் திசை தெரியாது. அதைப் படிக்க மனிதர் வேண்டும். தவறு நுழைவதும் அவர் வழியாகத்தான்.

கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணையில் அந்த மனிதர் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட். 1928 மார்ச் 12 பகலில் கசிவைப் பார்த்தவர், ஆபத்தில்லை என்று திரும்பினார். நள்ளிரவு நெருங்கும்போது அணை போனது. ஒரு கரை பழைய நிலச்சரிவு. மறுகரைப் பாறை நனைந்தால் குழைவது. எவ்வளவு பேர்பெற்றவரானாலும் தனியொருவர் தீர்ப்பில் பெரிய அணையை விடக்கூடாது என்றது மரண விசாரணைக் குழு. மறு ஆண்டே அங்கே அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஐடஹோவின் டீட்டன் அணையில் அடித்தள அகழி தோண்டியபோதே பாறையில் பெரிய வெடிப்புகள் தெரிந்தன. வேலை தொடர்ந்தது. 1976 ஜூன் 5, முதல் நீர்நிரப்பின்போதே உடைந்தது. இந்தியாவின் பக்ரா அணையில் நேர்மாறு: அடித்தளத்தில் களிமண்பாறைப் பட்டை தென்பட்டதும் அதைத் தோண்டியெடுத்து கான்கிரீட் அடைத்தார்கள்.

இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் முதன்மைக் கவனம் ஏற்கெனவே கட்டப்பட்ட அணைகளின் கண்காணிப்பிலும் பராமரிப்பிலும்தான். எழப்போகும் அணைகளுக்கு, திட்டத்திடம் சம்பளம் வாங்காத நிலவியலாளர் குழு வேண்டும். துளை மாதிரிப் பதிவுகளும் நீர்ச்சோதனை முடிவுகளும் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும். தோண்டும்போது துளைகள் காட்டாத ஏதேனும் வெளிப்பட்டால், அந்தக் குழு கையெழுத்திடும்வரை ஒரு சட்டி கான்கிரீட்டும் கொட்டக்கூடாது. இதை அரசு சட்டமாக்க வேண்டும்.